முதல் வில் வேட்டை: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மானுக்குப் போகும்போது

இந்த அத்தியாயம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியிருந்துகொண்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தாண்டிய மகனையோ மகளையோ முதன்முறையாக வில்லோடு வெள்ளைவால் மான் வேட்டைக்கு அழைத்துப்போக நினைப்பவருக்காக எழுதியது. உங்களுக்கு ஓரளவு வில் பழக்கம் இருக்கிறது, பிள்ளைக்கு இப்போதுதான் ஆசை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். விஸ்கான்சினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மானுக்கென்று தனி வில் வேட்டைப் பருவத்தை 1934-லேயே திறந்த மாநிலம் இது. பருவம் நீளமானது: செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை ஓடும். புதிதாகப் பழகுகிறவர்களை அவசரப்படுத்தாத பருவம்.

எச்சரிக்கை ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் உள்ள எதையும் இந்தியாவில் செய்யாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே மான் வேட்டை குற்றம், சிறைத்தண்டனை உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைக்கும் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

இந்தப் பயணத்தில் வேட்டைக்காரர் நீங்கள் அல்ல. வில் பிள்ளையின் கையில் இருக்கும். அம்பு விடக்கூடாத நேரத்தில் அது விடப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. சட்டப்படி நீங்களும் வில் கொண்டுபோகலாம் என்றாலும், முதல் சில பயணங்களுக்கு உங்கள் வில்லை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கையில் வில் இருந்தால் கண் மானின் மேல் போய்விடும். அது பிள்ளையின் மேல் இருக்க வேண்டும்.

காகித வேலை

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் வேட்டை உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறிய சான்றிதழ் வேண்டும். பிள்ளையிடம் அது இல்லாவிட்டாலும், வழிகாட்டியோடு சேர்ந்து வேட்டையாடும் திட்டத்தில் உரிமம் கிடைக்கும். அதன் முக்கிய நிபந்தனை, வழிகாட்டி எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. வழிகாட்டிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 1973-க்கு முன் பிறந்தவராக இல்லாவிட்டால் சான்றிதழும், எவரானாலும் நடப்பாண்டு உரிமமும் இருக்க வேண்டும். இந்தச் சலுகை இருந்தாலும் இருவரும் சேர்ந்தே அந்த வகுப்பை முடியுங்கள் என்பேன். அப்பா சொன்னால் காதில் ஏறாத பாதுகாப்புப் பாடம் வேறொருவர் சொன்னால் ஏறும்.

விசாவில் இருப்பவர்கள் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கும். கூட்டாட்சிச் சட்டத்தில் வில் துப்பாக்கி வகையில் சேராது. ஆகவே தற்காலிக விசாக்காரர்களுக்குத் துப்பாக்கி வைத்திருப்பதில் உள்ள தடை வில்லுக்குப் பொருந்தாது. வேட்டை உரிமம் மட்டும் எல்லோரையும் போல வாங்கியாக வேண்டும்.

இடம் தனியார் நிலமானால் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அடிபட்ட மான் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போனால் அங்கும் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. பக்கத்து நிலக்காரரின் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது நிலமானால், மறைந்து உட்காரும் கூடாரத்தை இரவில் விட்டுவரலாமா என்பது முதலான விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

குறிப்பு: நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாளுக்கு முந்திய சனிக்கிழமை, ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அந்த நாட்களில் வில் வேட்டைக்காரரும் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை அணிய வேண்டும். முதல் பயணத்தை அந்த ஒன்பது நாளில் வைக்கவே வேண்டாம். அக்டோபர் மாலைகள் நல்லவை. குளிர் பிள்ளையை வாட்டாது. மான்களும் ஓக் மரத்தடிக்கும் சோயா, குதிரைமசால் வயல்களுக்கும் ஓரளவு ஒழுங்காக மேயவரும்.

வில்லும் அம்பும்

பிள்ளைக்கு உங்கள் பழைய வில்லைக் கொடுக்காதீர்கள். நாணிழுப்பு நீளம் பொருந்தாத வில்லால் நேராக எய்ய முடியாது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்கச் சொல்லி, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 60 அங்குலம் வந்தால் இழுப்பு நீளம் ஏறத்தாழ 24 அங்குலம். வில் கடைக்காரர் அதை இன்னும் நுணுக்கமாகச் சரிசெய்து தருவார்.

எடை அடுத்தது. மானுக்கு விஸ்கான்சின் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச நாணிழுப்பு எடை 30 பவுண்டு. அம்புமுனை குறைந்தது ⅞ அங்குல அகலம் வெட்ட வேண்டும். 40 பவுண்டு இழுக்க முடிந்த பிள்ளைக்குக் கிட்டத்தில் வரும் மானுக்கு அது போதும். ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தைப் பார்க்க உயர்த்தாமல் இலக்கை நோக்கியபடியே மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். உடம்பை முறுக்கி இழுத்தால் எடை அதிகம். வில்லின் எடைத் திருகுகளைத் தளர்த்திக் குறையுங்கள். வில்லை மேலே தூக்கி இழுக்கும் அசைவைக் கண்டாலே மான் ஓடிவிடும்.

எடை குறைந்த வில்லுக்கு, உடலைத் தொட்டவுடன் வெட்டத் தொடங்கும் நிலையான அலகு கொண்ட முனைகளே ஏற்றவை. விரிந்து திறக்கும் முனைகள் திறப்பதற்கே விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும்; பிள்ளையின் வில்லில் அந்த விசையை வீணாக்க முடியாது.

கை வெட்டுப்படாமல் இருக்க:

1. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. வில்லின் கைகள் உடைந்து முகத்தில் தெறிக்கும்.
2. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பு கார்பன் அம்புகளைக் காதருகே பிடித்து லேசாக வளையுங்கள். விரிசல் சத்தம் கேட்டால் ஒடித்துப் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு விடும்போது சிதறி, வில் பிடித்த கைக்குள் பாயும்.
3. வேட்டை முனையை அதற்கென்று உள்ள திருகியால் மட்டுமே மாட்டிக் கழற்றுங்கள். விரலால் வேண்டாம்.
4. அம்புகள் எப்போதும் மூடியுள்ள அம்புக்கூட்டில். கையில் அம்போடு நடப்பது கிடையாது.

தட்டுக் கணக்கு

மானின் இதயமும் நுரையீரல்களும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 8 அங்குல அகலம்; ஒரு காகிதத் தட்டின் அளவு. பிள்ளையின் எல்லைத் தூரத்தை அந்தத் தட்டை வைத்தே முடிவு செய்யுங்கள்.

1. முதலில் 10 கெஜத்தில் தட்டைக் குத்தி, ஐந்து அம்புகள் விடச் சொல்லுங்கள்.
2. ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் 5 கெஜம் பின்னே போங்கள்.
3. ஓர் அம்பு வெளியே போன தூரம் எல்லைக்கு அப்பால். அதற்கு முந்தியதுதான் எல்லை.
4. எல்லை தெரிந்த பிறகு அதே தூரத்தில், வேட்டைக்குப் போடும் தடித்த சட்டையோடு, ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி எய்யுங்கள். பலருக்கு இங்கே 5 கெஜம் குறைந்துவிடும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.
5. பருவம் நெருங்கும்போது நாளுக்கு ஓர் அம்பு மட்டும். கை சூடாகுமுன், பள்ளிவிட்டு வந்தவுடன், ஒரே அம்பு. காட்டில் கிடைப்பதும் அந்த ஓர் அம்புதான்.
6. கடைசி இரண்டு வாரம் வேட்டை முனைகளையே மாட்டிப் பழகுங்கள். பயிற்சி முனை போகிற இடத்துக்கே அவையும் போகும் என்று நினைக்க வேண்டாம்.

எல்லை எதுவாக வந்தாலும், முதல் ஆண்டில் 20 கெஜத்தைத் தாண்ட வேண்டாம். காரணம் வில்லின் வேகம். 40 பவுண்டு வில்லின் அம்பு நொடிக்கு 220 அடி போகிறது என்று வைத்தால், 20 கெஜம் கடக்கக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். 40 கெஜத்துக்கு அரை நொடிக்கு மேல். நாணின் ஒலி நொடிக்கு 1,100 அடி பாயும். ஒலி முதலில் போய்ச் சேரும். திடுக்கிட்ட மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அரை நொடியில் அது ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துவிட முடியும். நெஞ்சைக் குறிபார்த்த அம்பு முதுகில் தைப்பது இப்படித்தான்.

உட்காரும் இடம்

முதல் பயணத்துக்கு மரத்தில் ஏற வேண்டாம். தரையில் விரிக்கும் மறைகூடாரம்தான் சரி. மான் வேட்டையில் துப்பாக்கியாலும் அம்பாலும் படும் காயங்களை விட, மரத்தட்டிலிருந்து விழுந்து படும் காயங்கள் அதிகம். தவிர, கூடாரத்துக்குள் பிள்ளை கொஞ்சம் அசையலாம், தண்ணீர் குடிக்கலாம், நீங்கள் காதருகில் பேசலாம்.

கூடாரத்தை ஒரு வாரத்துக்கு முன்பே வைத்துவிட முடிந்தால் நல்லது. ஓரங்களை மறைக்கக் கிளைகளும் உயரப் புல்லும் சாய்த்து வையுங்கள். பின்பக்க ஜன்னல்களை மூடுங்கள்; பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். உள்ளே இருவரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வில்லின் மேற்கை கூரையிலோ கீழ்க்கை ஸ்டூலிலோ இடிக்கிறதா என்று முழுதாக இழுத்துப் பாருங்கள். அம்பு ஜன்னல் விளிம்பைத் தொடாமல் போகுமா என்றும் பாருங்கள். கண் ஜன்னல் வழியே பார்க்கும். அம்பு கண்ணுக்குக் கீழே இருக்கும். இதை மறந்து கூடாரத்தையே எய்தவர்கள் நிறைய.

இடத்தைத் தீர்மானிப்பது காற்று. மான் வரும் பாதையிலிருந்து உங்கள் முகத்தை நோக்கிக் காற்று அடிக்க வேண்டும். மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள மலைப்பாங்கான பகுதியில் இன்னொன்றும் உண்டு: காலையில் வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே நகரும், மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். மாலை வேட்டைக்கு மேட்டில் உட்கார்ந்து கீழே பார்த்தால், கடைசி அரைமணி நேரத்தில் உங்கள் வாசனை மான் இருக்கும் பள்ளத்துக்கே போய்விடும். காற்று தவறினால் அன்று அந்த இடத்துக்குப் போகாதீர்கள். வேறு இடம் இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

நம் வீடுகளுக்கு மட்டுமான ஒரு குறிப்பு: வேட்டைச் சட்டைகளைச் சமையலறைப் பக்கம் மாட்டாதீர்கள். தாளிப்பு வாசனை துணியில் நாட்கணக்கில் நிற்கும். வாசனையில்லாச் சோப்பில் துவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் கராஜில் வைத்து, காட்டோரம் போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் இதெல்லாம் தவறான காற்றைச் சரிசெய்யாது.

மரத்தட்டுதான் வேண்டும் என்று பிறகு ஒருநாள் முடிவு செய்தால்: முழு உடல் பாதுகாப்புப் பட்டை இருவருக்கும், தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே உயிர்காப்புக் கயிற்றில் கொக்கி, இறங்கித் தரை தொட்டபின்தான் அவிழ்ப்பது. வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவே கூடாது. மேலே போய்க் கயிற்றால் தூக்குங்கள். ஏற்கெனவே மரத்தில் மாட்டிக் கிடக்கும் அந்நியர் தட்டில் உட்காராதீர்கள்.

அன்றைய நாள்

1. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள்.
2. பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை.
3. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். இங்கே லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் உண்டு. துணியில் பெர்மெத்ரின் தெளித்து முந்தின நாளே காயவிடுங்கள். தோலில் பூசக் கூடாது. திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள்.
4. சூரியன் மறைய மூன்று மணி நேரம் இருக்கும்போதே கூடாரத்துக்குள் இருங்கள். அம்பு விடக்கூடிய கடைசி நிமிடத்தை அரசின் நேர அட்டவணையிலிருந்து தாளில் எழுதிக் கூடாரத்துக்குள் ஒட்டுங்கள்.
5. உட்கார்ந்ததும் தூரமானியால் மூன்று நான்கு மரங்களை அளந்து பிள்ளைக்குக் காட்டுங்கள். “அந்தச் சாய்ந்த ஓக் வரைக்கும்தான் நம்ம எல்லை. அதுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய மான் வந்தாலும் வேடிக்கைதான்.”
6. சொற்களை ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். “பொறு” என்றால் இழுத்திருந்தாலும் விடக்கூடாது. “சரி” என்று நீங்கள் சொன்ன பிறகு, எப்போது விடுவது என்பது பிள்ளையின் முடிவு. “வேண்டாம்” என்றால் நாணைத் தளர்த்தி இறக்க வேண்டும். இழுத்த நாணை அம்போடு மெதுவாக இறக்குவதையும் வீட்டிலேயே பலமுறை பழக்குங்கள்.

இரண்டு மணி நேரத்தில் பிள்ளைக்கு அலுத்துவிட்டால் கிளம்புங்கள். அடுத்த வாரம் வர ஆசை மிச்சமிருக்க வேண்டும்.

எப்போது விடலாம்

மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அந்தப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தலை குனிந்து மேய்ந்துகொண்டிருப்பது நல்லது. உங்கள் பக்கத்து முன்னங்கால் முன்னே நகர்ந்திருந்தால் இன்னும் நல்லது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. அந்தப்பக்கம் திரும்பிய மானுக்கு, அம்பு மறுபக்க முன்னங்காலை நோக்கி வெளிவருமாறு குறியைப் பின்னே தள்ளுங்கள்.

விடக்கூடாத நிலைகள் இவை: உங்களைப் பார்த்து நேராக நிற்பது, பின்புறம் காட்டி நிற்பது, உங்கள் பக்கம் சற்றே திரும்பி நிற்பது (தோள் எலும்பு குறுக்கே வரும்), நடப்பது, ஓடுவது, காதை நிமிர்த்தி முன்னங்காலால் தரையைத் தட்டுவது, பின்னால் இன்னொரு மான் நிற்பது, இடையில் ஒரு சுள்ளியாவது இருப்பது. பிள்ளையின் கை நடுங்குவதும் இந்தப் பட்டியலில் சேரும். மூச்சு வாங்கினாலோ, வில்லில் உள்ள குறிமுள் (சைட் பின்) மானின் நெஞ்சின் மேல் நிற்காமல் அலைந்தாலோ “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

சில பிள்ளைகள் அந்த நேரத்தில் “அப்பா, எனக்கு வேண்டாம்” என்று கிசுகிசுக்கும். மறுபேச்சுப் பேசாதீர்கள், “கொஞ்சம் முயற்சி பண்ணு” என்றும் சொல்லாதீர்கள். ஓர் உயிரை எடுப்பதா என்று தயங்கியவனை வீட்டில் கேலி செய்யவும் விடாதீர்கள். அந்தத் தயக்கம் உள்ளவன்தான் பின்னாளில் கண்டபடி எய்யாதவனாக வருவான்.

அம்பு போன பிறகு

அம்பு விட்ட மறுநொடியில் எழுந்து ஓடத் தோன்றும். உட்காருங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்யும் அவசரம்தான் மானைத் தொலைக்க வைக்கிறது. அடிபட்ட மானைத் துரத்தினால் அது கிலோமீட்டர் கணக்கில் ஓடும். விட்டுவிட்டால் பெரும்பாலும் அருகிலேயே படுக்கும்.

1. மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் ஒரு மரத்தோடு பொருத்தி இருவரும் தனித்தனியே சொல்லுங்கள். மணியைப் பாருங்கள். காதைத் தீட்டிக் கேளுங்கள். விழும் சத்தம் கேட்டாலும் கேட்கலாம்.
2. அரைமணி கழித்து அம்பைத் தேடுங்கள். அதில் உள்ள இரத்தம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், தொடரலாம். கருஞ்சிவப்பென்றால் கல்லீரலாக இருக்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் பொறுங்கள். பச்சை அல்லது பழுப்பாகத் துர்நாற்றம் வீசினால் வயிறு. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்.
3. அம்பு கிடைக்கவில்லை, சந்தேகம் என்றால் நீண்ட காத்திருப்பையே தேர்ந்தெடுங்கள்.
4. இரத்தத் தடத்தின் மேல் நடக்காதீர்கள், பக்கத்தில் நடங்கள். ஒவ்வொரு துளியிலும் ஒரு துண்டுக் கழிவறைத் தாள். தடம் விட்டுப்போனால் பிள்ளை கடைசித் தாளருகே நிற்க, நீங்கள் வட்டமிட்டுத் தேடுங்கள்.
5. தடம் முழுக்கத் தொலைந்தால், கயிற்றில் கட்டிய மோப்ப நாயோடு தேடித் தருபவர்கள் இருக்கிறார்கள். பருவம் தொடங்குமுன்பே அப்படி ஒருவரின் எண்ணை வைத்திருங்கள். அவரை அழைத்தால், நாய் வரும்வரை தரையைக் கலைக்காதீர்கள்.
6. விழுந்து கிடக்கும் மானை முதுகுப்பக்கமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமைத்தால் பின்வாங்குங்கள். கண் மூடியிருந்தால் அது இன்னும் சாகவில்லை.

இங்கே பிள்ளை அழலாம். அழவிடுங்கள். கத்தியை எடுக்க அவசரமில்லை.

குடல் நீக்கமும் கறியும்

இருவரும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தியின் கூர்ப்பக்கம் மேல்நோக்கி, வயிற்றுச் சுவரை மட்டும் கீறுங்கள்; வயிறோ மூத்திரப்பையோ கிழிந்தால் கறி கெடும். பிள்ளை கால்களைப் பிடிக்கட்டும். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். அக்டோபர் இரவு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால், உட்குழியில் பனிக்கட்டிப் பைகளை வைத்து அன்றிரவே குளிர்விக்க வேண்டும். மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். தொலைபேசியிலோ இணையத்திலோ செய்யலாம்.

மான்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்னும் மூளைநோய் 2002-ல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. தென்மாவட்டங்களில் பரவலாக இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் தொற்றுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே நோய்த்தடுப்புத் துறையின் அறிவுரை. நோயை உண்டாக்கும் புரதம் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அழியாது. மானின் தலையை மாதிரி சேகரிக்கும் மையத்தில் கொடுங்கள்; முடிவு வரச் சில நாட்கள் ஆகும். மூளை, தண்டுவடம், மண்ணீரல், நிணக்கட்டிகளைத் தொடாமல் எலும்பிலிருந்து சதையை மட்டும் பிரித்தெடுத்து, பொட்டலத்தில் தேதியும் பதிவு எண்ணும் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். வேறு மானின் கறியோடு கலக்காதீர்கள்.

தொற்றில்லை என்று முடிவு வந்தபின் சமைக்கலாம். மான்கொழுப்பு வாயில் ஒட்டும், முழுவதும் அகற்றிவிடுங்கள். முதுகுச் சதை மிளகு வறுவலுக்கு. அதிக நேரம் அடுப்பில் இருந்தால் கட்டையாகிவிடும். தொடையும் முன்காலும் ஆட்டுக்கறியைப் போலக் குக்கரில் குழம்புக்கு. தொற்று உண்டு என்று வந்தால், கறி முழுவதையும் இயற்கைவளத் துறை சொல்லும் குப்பைக்கிடங்கில் சேருங்கள்; காட்டில் எறியாதீர்கள். பிள்ளையையும் கூட அழைத்துப் போய் இதைச் செய்யுங்கள்.